அச்சைப் பின்னுக்கு நகர்த்துவது பற்றி

சென்னை
14.8.96

இல்லை அக்கா, கோயில் தேர் இல்லை. போர்த் தேர். நீ கேட்டபோது பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியாகக் கையை மட்டும் ஆட்டினேன். அதனால் இப்போது சொல்கிறேன்.

நீயும் அத்தானும் நலமா? எனக்கு ஒன்றுமில்லை. விடுதிச் சாம்பாரில் புளி அதிகம், அவ்வளவுதான்.

எம்.ஃபில். தலைப்பை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பழங்காலப் போரில் தேர். முதலில் சக்கரம் முழுப் பலகையாக இருந்திருக்கிறது. பலகைகளைச் சேர்த்து அறைந்து வட்டமாக வெட்டியது. அதைக் கழுதைகள் இழுத்தன. நம் ஊர்ப் பாரவண்டியே அதைவிட வேகம். பிறகு யாரோ பலகையை எறிந்துவிட்டு ஆரக்கால் வைத்தார்கள். கனம் போயிற்று. ஒரே ஆள் தூக்கிவிடலாம் அந்த வண்டியை. இரண்டு குதிரை, இரண்டு ஆள். ஒருவன் ஓட்டுவான், ஒருவன் அம்பு விடுவான். மோதுவதற்கான வண்டி இல்லை அது. கிட்டே வந்து, எய்து, திரும்பி ஓடுவதற்கு. பல நூறு வருஷம் அதை வைத்திருந்தவன்தான் ராஜா.

அத்தானிடம் ஒன்று சொல். எகிப்துச் சுவர்ச் சித்திரங்களில் ராஜா தேரில் தனியாக நிற்கிறான். கடிவாள வாரை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வில்லை வளைக்கிறான். நிஜத்தில் அப்படி ஓட்ட முடியாது. பக்கத்தில் சாரதி நின்றிருக்கிறான். சித்திரத்தில் அவனை எடுத்துவிட்டார்கள்.

அத்தான் சிரிப்பார். இந்த வருஷமும் பரமசிவன் அண்ணாச்சியின் பந்தய மாட்டுக்கு அவர்தானே சாரதி? அம்மா போன பிறகு எனக்குக் கடிதம் போட உன் முகவரி ஒன்றுதான் இருக்கிறது. அதனால் சீக்கிரம் பதில் எழுது.

சுந்தரேஸ்வரி


கோவில்பட்டி
9.9.96

அன்புத் தங்கச்சி சுந்தரிக்கு வெயிலுகந்தம்மாள் எழுதுதது. இங்கன ஒரு கொறையும் இல்ல, மழையத் தவிர. நீ புளியத் திங்காம மோரக் கேட்டு வாங்கிக் குடி.

உன் கடுதாசியை உன் அத்தானுக்கு வாசிச்சுக் காட்டினேன். சாரதியை எடுத்துட்டான்னு வந்துச்சுல்லா, ஒரே சிரிப்பு. "ஏ வெயிலு, நம்ம அண்ணாச்சி அந்த ஊர்லயும் இருந்திருக்காரு போலுக்கே"ன்னாவ. மெதுவாச் சிரிங்க, சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேக்கும்னேன். அண்ணாச்சியோட தீப்பெட்டி ஆபீஸ் காம்பவுண்டுக்குள்ள குடியிருந்தா சிரிக்கதுக்கும் அளவு இருக்கு.

சிரிச்சது அன்னைக்கோட சரி. போன வாரம் கழுகுமலை ரோட்டுல சின்ன மாட்டு வண்டிப் பந்தயம். போறப்ப நம்ம வண்டிதான் முன்னால. எல்லையில கொடியச் சுத்தித் திரும்புதப்ப ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிட்டு. அவிய சாஞ்சு விழுந்து அமுக்கி நிறுத்துததுக்குள்ள கடம்பூர்க்காரன் முந்திட்டான்.

சாயங்காலம் அண்ணாச்சி ஆபீஸ் வாசல்ல நின்னு, நான் தீக்குச்சிக் கட்டை அடுக்கிக்கிட்டு இருக்கேன், எல்லா பொம்பளைகளும் இருக்காவ, கேட்டாரு: "ஏலே இசக்கிதுரை, மாடு எம்மாடு. தீவனம் எந்தீவனம். தோக்கதை மட்டும் நீ கொண்டு வந்து தாரியே. மணியாச்சியில சுடலைக்குமாருன்னு ஒருத்தன் இருக்கானாம். அவன வரச் சொல்லட்டா?"

அவிய தலையக் குனிஞ்சுக்கிட்டு மாட்டைத் தடவிக்கிட்டே நின்னாவ. ராத்திரி சோறு எறங்கல. வண்டி ஓட்டுததை விட்டா அவியளுக்கு வேற என்ன இருக்கு சொல்லு. பந்தயத்தன்னைக்கு மைக்குல "சாரதி இசக்கிதுரை"ன்னு சொல்லுவான் பாரு, அதுக்குத்தான் மத்த நாளெல்லாம் எந்திரிக்காவ.

ஒண்ணு கேக்கச் சொன்னாவ. அந்த ராசாக்கமாரு வண்டி வேகமாத் திரும்புதப்ப எப்படிக் கவுறாம நின்னுச்சு? உன் புஸ்தகத்துல இருந்தா எழுது.

அத்தான் உன்ன ரொம்பக் கேட்டதாச் சொல்லச் சொன்னாவ.

வெயிலு


சென்னை
2.10.96

அக்கா,

நலம் கேட்பதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். அத்தானின் கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. என் மூன்றாம் இயலே அதுதான். இங்கே கருத்தரங்கில் வாசித்தேன், ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருவர் ஜன்னலைச் சாத்தினார். ஒரு கேள்வி கூட வரவில்லை. முதல் கேள்வி கோவில்பட்டியில் இருந்து வந்திருக்கிறது.

பழைய தேர்களில் அச்சு நடுவில் இருந்தது, நம் வண்டியைப் போல. ஓட்டுகிறவன் நேராக அச்சின் மேல் நிற்பான். பாரம் இரண்டு பக்கமும் சமம். நிதானமாகப் போக அது சரி. வேகமாகத் திரும்பினால் தூக்கிவிடும். பிறகு அச்சை மெல்ல மெல்லப் பின்னுக்குக் கொண்டுபோனார்கள். கடைசியில் ஆள் நிற்கும் தட்டின் பின் விளிம்புக்கே. ஆள் அச்சுக்கு முன்னால் நிற்கிறான். பாரத்தில் ஒரு பங்கு இழுக்கும் மிருகத்தின் மேல் விழுகிறது. அதனால் வண்டி குதிப்பதில்லை. திரும்பும்போது தூக்குவதில்லை. அந்த ஒரு மாற்றத்தால் சண்டைகளே மாறின என்று எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

சக்கரமும் இளைக்க வேண்டும். வட்டையை, அதாவது சக்கரத்தின் வெளி வளையத்தை, வெட்டி ஒட்டாமல் சூடு காட்டி வளைத்திருக்கிறார்கள்.

கீழே படம் போட்டிருக்கிறேன். மேலே உள்ளது நடு அச்சு, கீழே உள்ளது பின் அச்சு. அம்புக்குறி பாரம் விழும் இடம். அத்தானுக்குப் புரியும்.

இருவரும் நலமாக இருங்கள். நான் நலம், மிகவும்.

சுந்தரி


கோவில்பட்டி
18.11.96

அன்புத் தங்கச்சிக்கு அக்கா எழுதுதேன். ஐப்பசி மழை நல்லா பெய்ஞ்சுட்டு. வெளிய கால் வச்சா கரிசல் செருப்பைப் புடுங்கிட்டு விடுது. எல்லாருக்கும் சளி. மத்தபடி சொகம்.

நீ போட்ட படம் பெரிய கதையாப் போச்சு. அவிய அதைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டே அலைஞ்சாவ. மாட்டுக் கொட்டத்துல வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தப்ப அண்ணாச்சி வந்துட்டாரு. "என்னலே, லவ் லெட்டரா?"ன்னு புடுங்கி, நின்னமேனிக்கு வாசிச்சாரு. வாசிக்க வாசிக்க மொகம் மாறிட்டு. மறுநாளே சாமித்துரை ஆசாரியக் கூட்டியாந்தாச்சு.

ஆசாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "அண்ணாச்சி, அச்சை இங்கன கொண்டு போனா பார்வைக்கு வண்டி மாதிரி இருக்காதே"ன்னாரு.

"ஓய், எகிப்து ராசாவுக்குத் தெரியாதது உமக்குத் தெரிஞ்சிட்டோ? பட்டணத்துல படிக்குத பிள்ளை எழுதியிருக்கு. சொன்னதச் செய்யும்."

"செய்யுதேன். பந்தயக் கமிட்டிக்காரன் கேட்டா?"

"கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

வண்டி கட்டி முடிஞ்சுட்டு. அவிய புது வண்டியச் சுத்திச் சுத்தி வந்தாவ. பெறகு காம்பவுண்டுக்குள்ள ஓட்டிப் பாத்தாவ. தண்ணித்தொட்டியச் சுத்தி ஒடிச்சுத் திருப்பினாவ, சக்கரம் அசையல. எறங்கி வந்து எங்கிட்ட, "தொட்டில்ல உக்காந்த மாதிரி இருக்கு வெயிலு. உன் தங்கச்சி பெரிய ஆளுட்டி"ன்னாவ. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு.

அண்ணாச்சி போட்டோக்காரனக் கூட்டியாந்து, அவரே ஏறி உக்காந்து, கயித்தைப் புடிச்சுக்கிட்டுப் படம் எடுத்தாரு. அவியள, "ஏலே, மாடு மிரளாம அந்தப் பக்கமா நின்னு புடி. தலை படத்துல விழுந்துராம"ன்னாரு. இதுவும் உன் எகிப்துச் செவத்துல இருக்குத படம் மாதிரித்தான்னு ராத்திரி சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்.

பொங்கல் கழிச்சுப் பந்தயம். செயிச்சா சுடலைக்குமாரு பேச்சு வராது.

அத்தான் கேட்டாவ. பெரிய ஆளுன்னு இன்னொருக்கா எழுதச் சொன்னாவ.

வெயிலு


சென்னை
11.12.96

அக்காவுக்கு,

சளி போயிற்றா? மிளகு அதிகம் சேர்த்துக்கொள்.

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்னேன். என் ஆய்வின்படி ஊரில் ஒரு வண்டி கட்டியிருக்கிறார்கள் என்று. அவர் முதன்முறையாக என்னை உட்காரச் சொன்னார். பின்னிணைப்பாக அதைச் சேர்க்கலாமாம். வண்டியின் புகைப்படம் ஒன்று வேண்டும். அண்ணாச்சி இல்லாமல், பக்கவாட்டில் எடுத்தது. அச்சு தெளிவாகத் தெரிய வேண்டும்.

இப்போது நான்காம் இயல். தேர் ஏன் தோற்றது. காலாட்கள் பயப்படாமல் நிற்கக் கற்றுக்கொண்டார்கள். தேர் வரும்போது நடுவில் விலகி வழிவிட்டு, உள்ளே வந்ததும் குதிரையைக் குத்தினார்கள். தரையும் ஒரு காரணம். கல், மேடு, ஈர மண். ஈர மண்ணில் தேர் இல்லை. அரசர்கள் சண்டைக்கு முன்னால் தரையைச் சமன் செய்திருக்கிறார்கள். இது அடிக்குறிப்பாகத்தான் வருகிறது. அத்தானுக்கு இது தேவையில்லை. அவருக்குத் தார் ரோடு.

பந்தயம் முடிந்ததும் எழுது. அன்று இரவே எழுது.

சுந்தரி


சென்னை
30.1.97

அக்கா, நலம்தானே?

பொங்கல் போய் இரண்டு வாரமாகிவிட்டது. ஜெயித்த சந்தோஷத்தில் என்னை மறந்தாயா? தோற்றிருந்தாலும் பரவாயில்லை. எழுது.

புகைப்படத்துக்கு அவசரம். பின்னிணைப்பை அடுத்த மாதம் கேட்கிறார்கள்.

சுந்தரி


சென்னை
17.2.97

அக்கா,

நான் நலம். நீ?

சுந்தரி


கோவில்பட்டி
28.2.97

அன்புத் தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

கடிதம் எழுத நேரம் இல்லை. ஆபீஸில் வேலை அதிகம். தை மாதம் மழை பெய்துவிட்டது. பருத்தியெல்லாம் வீண். உளுந்தும் வீண். மாடு இரண்டும் நன்றாக உள்ளன.

பந்தயம் சரியாக அமையவில்லை.

போட்டோ எடுக்க முடியாது. வண்டி இல்லை.

லீவுக்கு நீ இங்கு வர வேண்டாம். வெயில் அதிகமாக இருக்கும். அங்கேயே இருந்து படி.

இப்படிக்கு
வெயிலுகந்தம்மாள்


சென்னை
8.3.97

அக்கா,

நீ இப்படி எழுதுகிறவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதுவது போல எழுதியிருக்கிறாய். அத்தான் கேட்டதாக ஒரு வரி எப்போதும் இருக்கும். இதில் இல்லை. கடிதத்தைத் திருப்பி முகவரிப் பக்கத்தில் கூடப் பார்த்தேன்.

நேற்று பூத்தில் இருந்து ஆபீஸுக்குப் போன் போட்டேன். கணக்கப்பிள்ளை எடுத்தார். இசக்கிதுரை இருக்காரா என்று கேட்டேன்.

"யாரும்மா நீங்க?"

"மெட்ராஸ்ல இருந்து. அவர் கொழுந்தியா."

"ஓ. படிக்குத பிள்ளையா. அவன் எங்கம்மா போனுக்கு வாரது? இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்லாமல்லா கெடக்கான். பந்தயத்துல விழுந்து, பின்னால வந்த வண்டி ஏறி. உங்கக்கா எழுதலியா?"

அவர் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து, ஆறுதலுக்கு, "மாட்டுக்கு ஒண்ணும் ஆகல பாத்துக்கோங்க" என்றார்.

பிறகு அவரே சொன்னார். எல்லையில் ரோடு ஓரம் இறங்கித் திரும்ப வேண்டியிருந்ததாம். முந்தின நாள் மழை. சக்கரத்தில் கரிசல் அப்பிவிட்டது. மாடுகள் முன்னங்காலை மடக்கி விழுந்தன. அத்தான் முன்னால் போய் விழுந்தார்.

முன்னால். பாரம் முன்னால்தான் இருந்தது. கணக்கப்பிள்ளைக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

புத்தகத்தில் குதிரை. குதிரைக்கு அந்தப் பாரம் முதுகில் விழும். முதுகில் சேணம் போல ஒன்று கட்டியிருப்பார்கள். மாட்டுக்குக் கழுத்து. நுகத்தடி கழுத்தில் இருக்கிறது, பாரம் தலையை முன்னால் அமுக்கும். நான் மாடு பார்க்காதவளா? நம் அய்யாவின் மாட்டுக்குக் கழுத்துப் புண்ணில் வேப்பெண்ணெய் போட்டவள் நான்தான்.

என்னால் என்று ஏன் எழுதவில்லை? நான் வரவா?

சுந்தரி


கோவில்பட்டி
6.4.97

சுந்தரிக்கு,

வரவான்னு கேட்டிருக்க. வாரவ கேட்டுட்டா வருவா?

சரி, நீ கேட்டதுக்குச் சொல்லுதேன். தை மாசம் திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரியில போட்டுருந்தோம். இனிமே இப்படித்தான்னு சொல்லி அனுப்பிட்டாவ. காம்பவுண்டு வீட்டுலதான் கெடக்காவ. நான் வேலைக்குப் போய்க்கிட்டு, மத்தியானம் ஓடிவந்து பொரட்டிப் போட்டுட்டு, திரும்ப ஓடுதேன். பேச்சு இருக்கு. அறிவு தெளிவா இருக்கு. அதுதான் கஷ்டம்.

உன் பேரை அவியளும் சொல்லல, நானும் சொல்லல. ஒருத்தருக்கொருத்தர் பாத்துக்கிட்டுச் சொல்லாம இருக்கோம்.

இப்பம் வேற ஒரு காரியம். பின்னால வந்தது கடம்பூர்க்காரன் வண்டி. அவன் மாட்டுக்குக் கால் ஒடிஞ்சுட்டு. அவன் கமிட்டியில பிராது குடுத்துட்டான், அளவு மாத்தின வண்டியப் பந்தயத்துல விட்டாங்கன்னு. அதனால அண்ணாச்சி மாடு எந்தப் பந்தயத்துலயும் எறங்கக் கூடாதுன்னு தடை. மனுசன் விழுந்ததுக்கு யாரும் பிராது குடுக்கல.

போன வாரம் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தாரு. அவிய தூங்கிட்டு இருந்தாவ. என்னை வெளிய கூப்பிட்டாரு.

"ஏம்மா, உன் தங்கச்சிய ஒரு எழுத்து எழுதித் தரச் சொல்லு. இசக்கிதுரைதான் அவகிட்டக் கேட்டு, எனக்குத் தெரியாம வண்டிய மாத்திட்டான்னு. யுனிவர்சிட்டிப் பிள்ளை எழுதினா கமிட்டி ஒத்துக்கிடும். மாட்டு மேல உள்ள தடை போயிரும்."

"தெரியாம எங்க மாத்தினாவ அண்ணாச்சி? ஆசாரிய நீங்கதான கூட்டியாந்தீங்க?"

"நான் இல்லைங்கல. கேக்குதவனுக்குச் சொல்லணும்லா."

"அப்பம் அவியள இனிமே சாரதியா எறக்கக் கூடாதுன்னு தடை போட்டுருவாங்களே."

அதுக்கு அவரு என்ன சொன்னாருன்னு அப்படியே எழுதுதேன். "எந்திரிக்க முடியாதவனுக்குத் தடை போட்டா என்ன, போடாட்டி என்ன? நீ வீட்டை யோசி. வேலையை யோசி. ஓட்டாத சாரதிக்குக் காம்பவுண்டுல வீடு குடுத்து வச்சிருக்கேன், நான் ஏதாவது சொன்னனா?"

நல்லவிதமாத்தான் சொன்னாரு. சத்தம் போடல.

இந்த வீட்டை விட்டா இவியளத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்? அவியளுக்குச் சொல்லல. சொல்ல மாட்டேன். அந்தக் கமிட்டிக்காரங்க "சாரதி இசக்கிதுரை"ன்னு மைக்குல சொன்னது ஒண்ணுதான் அவியகிட்ட மிச்சம். அதைத்தான் விக்கச் சொல்லுதேன்னு எனக்குத் தெரியும். நீ எடுத்துச் சொல்ல வேண்டாம்.

அன்னைக்குக் கேட்டதும் ஒரு பக்கம் நெறைய எழுதினேல்லா. இதையும் எழுது.

வெயிலு


சென்னை
15.4.97

அக்கா,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

கீழே உள்ளதைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன்.

"பந்தயக் கமிட்டித் தலைவர் அவர்களுக்கு, வணக்கம். பல்கலைக்கழக ஆய்வு மாணவி சுந்தரேஸ்வரி ஆகிய நான் எழுதுவது. என் அத்தான் இசக்கிதுரை பழங்காலத் தேர்களின் அமைப்பு பற்றி என்னிடம் கேட்டார். நானும் எழுதி அனுப்பினேன். அதைக் கொண்டு அவர் தம் சொந்த முடிவில், முதலாளிக்குத் தெரியாமல், வண்டியின் அச்சை மாற்றினார். இதில் முதலாளி திரு. பரமசிவன் அவர்களுக்கு எவ்விதச் சம்பந்தமும் இல்லை."

முதலில் உண்மையை எழுதினேன். அண்ணாச்சி கடிதத்தைப் பிடுங்கியது, ஆசாரியை அழைத்தது, கமிட்டிக்கு நான் பதில் சொல்கிறேன் என்றது. நீ எழுதியதில் இருந்தே எல்லாவற்றையும் எடுத்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதை அனுப்பினால் நீ எந்த மாதம் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று யோசித்தேன். பிறகு இதை எழுதினேன். இது இன்னும் நன்றாக வந்துவிட்டது.

இதில் எல்லாவற்றையும் தாங்குவது ஒரு சொல்தான். தெரியாமல். ஆய்வேட்டில் இப்படி ஒரு சொல் போட்டால் ஆதாரம் எங்கே என்பார்கள். கமிட்டி கேட்காது. நான் படித்தவள்.

நீ அத்தானிடம் சொல்லாதே. எனக்காகக் கேட்கவில்லை. எனக்காகவும்தான்.

பின்னிணைப்பு வேண்டாம் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்றார். வண்டி உடைந்துவிட்டது என்றேன். அடடா, ஒரு படமாவது எடுத்து வைத்திருக்கலாமே என்றார்.

சுந்தரி


கோவில்பட்டி
20.5.97

தங்கச்சிக்கு,

சொகமா இரு. நாங்க இருக்கோம்.

நீ எழுதினது போதும்னு கமிட்டியில சொல்லிட்டாவ. தடை எடுத்தாச்சு. அவிய பேருல தடை போட்டாச்சு. புது வண்டி கட்டுதாவ, அதே சாமித்துரை ஆசாரி, பழைய அளவு. மணியாச்சியில இருந்து சுடலைக்குமாரு வந்துட்டான். சின்னப் பையன் இல்ல, நம்ம அவிய வயசுதான். வந்தன்னைக்கு வீட்டுக்கு வந்து அவிய காலத் தொட்டுட்டுப் போனான். காலைத் தொட்டது அவியளுக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன்.

காம்பவுண்டுக்குள்ளதான் பழக்குதான். சக்கரச் சத்தம் கேக்கும்போதெல்லாம் அவிய கண்ண மூடிக்கிட்டு, "கயித்த இழுத்துப் புடிக்கான். விடணும். விடுலே"ன்னு தனக்குத் தானே சொல்லுவாவ.

இன்னொண்ணும் நடந்துட்டு. போன வெள்ளிக்கிழமை நான் கட்டை அடுக்கிக்கிட்டு இருக்கேன். கணக்கப்பிள்ளை அவியளப் பாக்க வந்திருக்காரு. மனுசன் வெள்ளந்தி. அவியளுக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டு, கமிட்டியில உன் எழுத்தை வாசிச்சதப் பெருமையாச் சொல்லியிருக்காரு. தலைவர் வாசிச்சாராம், எல்லாரும் அப்படியே கேட்டாங்களாம். நகல் ஆபீஸ்ல இருக்குன்னிருக்காரு. அவிய எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காவ.

நான் மத்தியானம் வாரேன், தாளு நெஞ்சு மேல கெடக்கு.

பொரட்டிப் போடக் கிட்டப் போனேன். "இரு"ன்னாவ.

"நீ சொல்லித்தான் எழுதினாளா?"

"ஆமா."

"வீட்டுக்காகவா?"

"ஆமா."

நான் திட்டட்டும்னு நின்னேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தா உனக்கு அதை எழுதியிருப்பேன்.

"ஒரு எழுத்துப் பெசகு இல்ல பாத்தியா. நல்லா எழுதியிருக்கா"ன்னாவ.

அம்புட்டுத்தான். தலையை மட்டும் செவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாவ. அதுக்குப் பெறகு சக்கரச் சத்தம் கேட்டா ஒண்ணும் சொல்லுததில்ல.

வீடு இருக்கு. வேலை இருக்கு. லீவுக்கு வாரதுன்னா வா. வராட்டியும் சரிதான்.

வெயிலு


சுந்தரேஸ்வரி இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. அது வந்த மறுநாள் காலை ஆய்வேட்டைத் தட்டச்சுக்குக் கொடுத்தாள். பிறகு, விடுமுறையிலும் விடுதியிலேயே தங்க அனுமதி கேட்டு வார்டனுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினாள்.